சிரிப்பை விழுங்கிய வேட்டுச் சத்தம்

1942 பிப்ரவரி 23 அன்று மாலை, கலிபோர்னியாக் கரையில் எல்வுட் என்னுமிடத்து எண்ணெய்க் களத்தின்மீது ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று குண்டு வீசிச் சென்றது. சேதம் அற்பம், கிலியோ பெரிது. மறுநாள் இரவு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அபாயச் சங்கு ஒலித்தது. விளக்குகள் அணைந்தன. விடியுமுன் 1,400க்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் வானை நோக்கிச் சுடப்பட்டன. விடிந்து பார்த்தால், விழுந்து கிடந்த பகை விமானம் ஒன்றுமில்லை! நகைச்சுவைக்கு இதனினும் நல்ல விதை வேண்டுமோ?

இந்த விதையைக் கொண்டு, கதையை முந்திய டிசம்பருக்கு நகர்த்தி, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1979-இல் எடுத்த படமே ‘1941’. நீர்மூழ்கித் தலைவராக ஜப்பானின் பெருநடிகர் டோஷிரோ மிஃபூனே. வெறிபிடித்த விமானியாக ஜான் பெலுஷி. பொருளுக்கும் குறைவில்லை. எனினும் நாம் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

காரணம் எளிது. எல்லோரும் கத்துகிறார்கள், எல்லாம் இடிகின்றன. இராட்டினம் கடலுக்குள் உருண்டோடுகிறது. நடனப் போட்டி அடிதடியாகிறது. பித்தரைக் கண்டு நகைக்க நடுவே தெளிந்தவர் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருக்கத்தான் இருக்கிறார். வெளியே தெருவே அமளிப்படுகையில், ஜெனரல் ஸ்டில்வெல் திரையரங்கில் அமர்ந்து ‘டம்போ’ யானைக்குட்டிக்காகக் கண்ணீர் உகுக்கிறார். அந்த அமைதியில்தான் நமக்கு மெய்யான சிரிப்பு பிறந்தது. படமோ அவரை விட்டு மீண்டும் வேட்டுக்கே ஓடிவிடுகிறது.

கடற்கரை வீட்டுக்காரர் ஒருவர் தம் தோட்டத்துப் பீரங்கியால் பகைவனைச் சுடப் புகுந்து, தம் வீட்டையே தகர்த்துக்கொள்கிறார். அச்சம் தன் வீட்டையே இடிக்கும் என்னும் கருத்து அங்கே கைக்கு எட்டியது, இரைச்சலில் நழுவியது.

அந்த அச்சம் இடித்த மெய்யான வீடுகளும் உண்டு. எல்வுட் நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்னரே, 1942 பிப்ரவரி 19 அன்று, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடும் கடையும் விளைநிலமும் விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களே.

பிழைப்பு நாடி வேற்றூரில் வேரூன்றிய குடும்பங்களுக்கு இது அயலார் கதையன்று. ஊர் அஞ்சும் வேளையில் முதலில் ஐயத்துக்கு ஆளாவது வந்து குடியேறியவனே. இப்படத்தைக் காணும் அன்பர்கள் சிரிக்க முடிந்தவரை சிரிக்கட்டும். வீடு திரும்பியதும் பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பங்களின் கதையையும் சொல்லட்டும்.