நூலக இறாக்கைகளும் வாசகர் உரிமையும்

பொது நூலகமொன்றின் புனரமைப்புப் பற்றிப் பேசப்படும்போது கட்டடத்தின் முகப்பும் நூல்களின் தொகையுமே பெரும்பாலும் கவனத்தைப் பெறுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் இறாக்கைகள் தச்சருக்கும் ஒப்பந்தகாரருக்கும் உரிய விடயமாக ஒதுக்கப்படுகின்றன. ஆயின், ஒரு நூல் வாசகரின் கைக்கு எட்டுமா எட்டாதா என்பதை இறுதியில் தீர்மானிப்பது இறாக்கையே. அறிவு யாருடைய உடைமை என்ற வினாவுக்கு ஒவ்வொரு காலகட்டமும் அளித்த விடை அதன் இறாக்கைகளிற் பதிந்துள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இங்கிலாந்தின் ஹெரபோர்ட் பேராலயத்திற் சங்கிலியிட்ட நூல்களை இன்றும் காணலாம். சங்கிலி அட்டையின் முன்விளிம்பிற் பூட்டப்பட்டமையால், நூல்கள் முதுகு உட்புறமாகத் திரும்பியிருக்குமாறு அடுக்கப்பட்டன. நூல் அரும்பெரும் சொத்தாக இருந்த காலத்திற்கு ஏற்ற அமைப்பு அது. 1857இல் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையிலே வட்ட வாசிப்பு மண்டபம் திறக்கப்பட்டது. காள் மார்க்ஸ் வாசித்த அம்மண்டபத்திலும், சுவரோரத்து உசாத்துணை நூல்கள் நீங்கலாக, ஏனையவற்றை எழுதிக் கொடுத்துக் காத்திருந்தே பெறவேண்டியிருந்தது. 1894இல் ஜேம்ஸ் டவ் பிறவுண் என்பார் இலண்டன் கிளார்க்கின்வெல் நூலகத்தில் வாசகர் தாமே இறாக்கைகளிடையே சென்று நூல்களைத் தெரியும் முறையைப் புகுத்தினார். 1931இல் வெளியான தமது நூலக விதிகள் பற்றிய நூலில், நூல்கள் பயன்பாட்டிற்குரியவை என்ற முதல் விதியிலிருந்தே நூலகம் அமையவேண்டிய இடம், திறந்திருக்கும் நேரம், தளபாடம், பணியாளர் ஆகிய அனைத்தையும் எஸ். ஆர். இரங்கநாதன் வருவித்தார்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் திட்டத்திற்கு ஆலோசனை வழங்கியவரும் அதே இரங்கநாதனே. சென்னைக் கட்டடக் கலைஞர் வீ. எம். நரசிம்மன் வரைந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1934இல் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் தொடங்கிய முயற்சி, 1981 யூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்ட வேளையில் ஏறத்தாழ 97,000 நூல்களாக வளர்ந்திருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கட்டடம் மீளவும் நிமிர்த்தப்பட்டது. இத்தகைய வரலாறு கொண்ட சமூகம் தன் நூலகங்களைப் புனரமைக்கும்போது, சுவருக்குள் நூல்கள் எவ்வாறு நிறுத்தப்படுகின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

முதலில் நோக்கவேண்டியது தளத்தின் வலிமை. ஐக்கிய அமெரிக்க நியமங்கள் வாசிப்பறைத் தளத்திற்குச் சதுர அடிக்கு 60 இறாத்தல் பாரத்தையும், இறாக்கைகள் நிற்கும் தளத்திற்கு 150 இறாத்தல் பாரத்தையும் கணக்கிடுகின்றன. எனவே, பழைய கட்டடமொன்றில் வாசிப்பறையாக இருந்த மேல்மாடியைப் பொறியியலாளரின் கணிப்பின்றி நூல் மண்டபமாக மாற்றுதல் ஆபத்தானது.

அடுத்தது தட்டு. மூன்றடி நீளத் தட்டொன்று நிறையும்போது ஏறத்தாழ 75 இறாத்தலைத் தாங்குகின்றது. தட்டின் வளைவு அதன் நீளத்தின் நான்காம் அடுக்கிற்கேற்பக் கூடுவது. ஆகவே மூன்றடித் தட்டை நான்கடியாக நீட்டினால், அடியொன்றிற்கு அதே பாரம் இருக்குமிடத்து, வளைவு மும்மடங்கிற்கு மேலாகும். தடிப்பை இருமடங்காக்கினாலோ அது எட்டிலொன்றாகக் குறையும். நிலைச்சட்டங்களின் தொகையைக் குறைத்து மிச்சம்பிடிக்கும் ஒப்பந்தம் சில ஆண்டுகளில் தொய்ந்த தட்டுகளையே விட்டுச்செல்கின்றது.

மூன்றாவது, நடைவழி. இரு பக்கமும் நூல்களைத் தாங்கும் இறாக்கை ஏறத்தாழ இரண்டடி அகலமானது. சக்கர நாற்காலி செல்வதற்கு நடைவழி குறைந்தது மூன்றடியேனும் வேண்டும். எனவே வரிசையொன்றிற்கு ஐந்தடி தேவை. நாற்பத்தைந்து அடி நீள மண்டபத்தில் ஒன்பது வரிசைகள் அமையும். நடைவழியில் ஆறு அங்குலத்தைக் குறைத்தாற் பத்து வரிசைகளை அமைக்கலாம். அந்தப் பத்தாவது வரிசைக்கான விலையைச் செலுத்துபவர், போரிலோ விபத்திலோ காலிழந்து வாசலோடு நிறுத்தப்படும் வாசகரே. உயரத்திற்கும் இது பொருந்தும். மேற்றட்டு ஆறடியைத் தாண்டினால் அங்குள்ள நூல் பணியாளரின் தயவிற்குரியதாகிவிடுகின்றது. சிறுவர் பகுதியில் மூன்றரை அடி உயரமே போதுமானது.

நமது காலநிலையும் கருத்திற் கொள்ளப்படவேண்டும். யன்னல் உள்ள சுவருக்குச் செங்குத்தாக வரிசைகளை அமைத்தால் ஒளியும் காற்றும் நடைவழியூடாகச் செல்லும். வெளிச்சுவருக்கும் இறாக்கைக்கும் இடையே இடைவெளி விடுதல் அவசியம். அன்றேல் ஈரமும் பூஞ்சணமும் நூல்களைப் பற்றும். அடித்தட்டு நிலத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் உயர்ந்திருத்தல் நன்று. உருக்கைக் கறையான் அரிக்காது. மரத்தைப் பயன்படுத்துமிடத்து அது நன்கு உலர்ந்ததாகவும் பாதுகாப்பூட்டப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். மின்விளக்குகளை முதலிற் பொருத்திப் பின்னர் இறாக்கைகளை நிறுத்தும் வழக்கம் தவறானது. நடைவழிகள் வகுக்கப்பட்ட பின்னரே அவற்றின் மேலாக விளக்குகள் அமைதல் வேண்டும்.

பொருத்துவதற்கு முன்னர் நூற்றொகுதியை வகுப்புவாரியாக அளந்துகொள்ளல் வேண்டும்; எண்ணிக்கையன்றி அடிக்கணக்கே இங்கு பயன்படும். ஒவ்வொரு தட்டிலும் மூன்றிலொரு பங்கையேனும் எதிர்கால வளர்ச்சிக்கு வெறுமையாக விடுதல் முறை. பின்னர் வரிசைகளைத் தரையிற் சுண்ணக்கோடிட்டு, அடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, நிலைச்சட்டங்களை நிறுத்தி, வரிசைகளின் மேற்பகுதிகளை ஒன்றோடொன்றும் சுவரோடும் பிணைத்தல் வேண்டும். நூல்களை அடித்தட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் சமமாக அடுக்காவிடில் இறாக்கை சாயக்கூடும். ஏட்டுச்சுவடிகளும் பழம் பத்திரிகைத் தொகுதிகளும் மூடிய அலுமாரிகளிற் கிடையாக வைக்கப்படவேண்டியவை. திறந்த முறையை வலியுறுத்துவோரும் இவ்விதிவிலக்கை ஏற்றேயாக வேண்டும்.

இனி, வரிசைகளின் ஒழுங்கை நோக்குவோம். 1876இல் வெளியான டூயியின் தசாம்சப் பகுப்பில் ஆங்கில இலக்கியத்திற்கு 820 என்ற முழுப் பிரிவு உண்டு. தமிழிலக்கியமோ 894.811 என்ற எண்ணுடன் ‘ஏனைய’ இலக்கியங்களின் கடைக்கோடியில் நிற்கின்றது. எண் வரிசையை அப்படியே தரைக்கு மாற்றினால், தமிழ்ப் பொது நூலகமொன்றில் மிகுதியாகத் தேடப்படும் நூல்கள் மண்டபத்தின் ஒரு மூலைக்குத் தள்ளப்படும். அன்றியும், பத்து வகுப்புகளுக்கும் இடத்தைச் சமமாகப் பங்கிட்டால் அம்மூலை விரைவில் நிரம்பி வழியும். பகுப்பெண்ணை மாற்றாமலே அத்தொகுதியை வாயிலருகே அமைக்கலாம். எண் நூலை இனங்காண்பதற்கே உரியது. மண்டபத்தில் அதற்குரிய இடத்தை நூலகரும் வாசகரும் தீர்மானிக்க முடியும்.

இத்தீர்மானங்கள் யாவும் நடைமுறையில் விலைமனுக் கோரப்படும் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. அடிக்கணக்கிற் குறைந்த விலை என்பதே அளவுகோலாகும்போது, உயர்ந்த இறாக்கையும் நீண்ட தட்டும் ஒடுங்கிய நடைவழியும் தாமாகவே தெரிவாகின்றன. எவருடைய தீய நோக்கமும் அதற்குத் தேவையில்லை. ஆதலால் மேற்கூறிய அளவுகளை விலைமனுப் பத்திரத்திலேயே நிபந்தனைகளாக எழுதுவித்தலும், அவற்றை வகுக்கும் குழுவில் நூலகத் தொழிலாளர், வாசகர் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கு இடம் பெறுவித்தலும் முற்போக்காளர் முன்னுள்ள உடனடிக் கோரிக்கைகளாகும். கட்டடம் திறந்துவைக்கப்பட்ட பின்னர் எழுப்பப்படும் கண்டனத்தால் நடைவழி ஓர் அங்குலமேனும் அகலப்போவதில்லை.