ஈட்டியும் தூண்டிலும்: தட்டைமீன் பிடிக்கும் இரு முறைகள்

மணலின் நிறத்தை முதுகில் ஏற்றுக்கொண்டு அடித்தரையோடு ஒட்டிக் கிடப்பது தட்டைமீன். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் சேர்ந்துவிட, மீன் ஒருக்களித்துப் படுத்து வாழத் தொடங்குகிறது. சென்னைச் சந்தைகளில் சிறிய வகை நாக்குமீன். பெரியது எருமை நாக்கு. எருமை நாக்கின் அறிவியல் பெயர் செட்டோடஸ் எருமெய்; இதில் எருமெய் என்ற பகுதி 1801இல் சூட்டப்பட்டது. தரங்கம்பாடியில் வழங்கிய தமிழ்ப் பெயர்தான் அதில் இன்றும் நிற்கிறது.

தட்டைமீன்களைப் பிடிக்க மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஈட்டியையும் தூண்டிலையும் பயன்படுத்துகிறார்கள். இரண்டில் எது மீனுக்கு நியாயம் செய்கிறது என்ற கேள்விக்கு விடை காண, இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் பார்ப்பதே வழி.

ஈட்டி

முதலில் கருவி. சங்கப் பாடல்களில் பரதவர் பெருமீன்மேல் எறியும் உளி பேசப்படுகிறது. இந்த ஈட்டியோ எறிவதற்கு அன்று, குத்துவதற்கு. இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட கோல், அதன் நுனியில் ஒன்று முதல் ஐந்து வரை எஃகு முட்கள். மீன் நழுவாதபடி ஒவ்வொரு முள்ளிலும் பின்னோக்கிய கூர் ஒன்று இருக்கும்.

இரண்டாவது நேரம். இருட்டிய பின், காற்று அடங்கி நீர் தெளிந்திருக்கும் இரவு வேண்டும். சிற்றலை இருந்தால்கூட ஒளி சிதறி அடித்தரை தெரியாது. முன்பு மண்ணெண்ணெய் விளக்கு. இப்போது நீர் புகாத எல்இடி விளக்கு.

மூன்றாவது நடை. கணுக்கால் முதல் முழங்கால் வரையான நீரில் பாதத்தைத் தூக்காமல் மணலில் தேய்த்தபடி நகர வேண்டும். மணலில் புதைந்த திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போகும். மிதித்தால்தான் அது வாலால் அடிக்கும்.

நான்காவது கண்டறிதல். மீன் மெல்லிய மணல் போர்வைக்குள் கிடக்கும். நீள்வட்ட விளிம்பும் இரு கண்களும்தான் அடையாளம். மீன் கிளம்பிப் போன இடத்திலும் அதே வடிவக் குழி இருக்கும். அந்த வெற்றுக் குழிகளைக் கண்டால் அருகில் மீன் உண்டு என்று கொள்ளலாம்.

ஐந்தாவது அளத்தல். முழு வேலையின் நயமும் இங்கேதான். நீருக்குள் இருக்கும் பொருள், நேர் மேலிருந்து பார்த்தால் அதன் உண்மை ஆழத்தில் முக்கால் பங்கிலேயே தெரியும்: 40 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடப்பது 30இல் கிடப்பதுபோல் இருக்கும். அருகில் தெரிவதால் மீன் பெரிதாகவும் தோன்றும். கோலின் கீழ்ப்பகுதியில் 38 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையம் வரைந்து, கோலைச் சாய்த்து மீனுக்குச் சற்று மேலே நீருக்குள் பிடித்தால் இந்தப் பிழை தீர்ந்துவிடும். மீனும் வளையமும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருப்பதால், தோற்றப் பிழை இரண்டுக்கும் ஒன்றே. 38 சென்டிமீட்டர் என்பது டெக்சாஸ் மாநிலம் 2020 முதல் வைத்திருக்கும் குறைந்தபட்ச நீளம்.

ஆறாவது குத்து. ஈட்டி நுனியை முன்னரே நீருக்குள் இறக்கி, மீனுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பிறகு இழுக்கக் கூடாது. தரையோடு அழுத்திப் பிடித்தபடி, மறு கையை மீனுக்கு அடியில் நுழைத்து, கையும் ஈட்டியுமாகத் தூக்க வேண்டும். வேலை அத்துடன் முடிகிறது. அந்த மீனைத் திரும்ப விட முடியாது.

தூண்டில்

தூண்டில் முறையைச் சென்னைப் பக்கத்துக் கரையிலேயே பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காடு கழிமுகத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அங்குள்ள மணலடியில் கிழங்கான்தான் தூண்டிலுக்கு அதிகம் வரும். அதற்கான தூண்டில் கட்டு அடித்தரையில் இரை தேடும் மீனுக்கானது என்பதால் தட்டைமீனுக்கும் பொருந்தும்.

முதலில் கட்டு. 2.4 மீட்டர் கோல், 0.30 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு. நடுவில் துளையுள்ள 20 கிராம் ஈயக்குண்டை நரம்பில் கோத்து, கீழே ஸ்விவல் வளையம் முடிந்து, அதிலிருந்து 45 சென்டிமீட்டர் நரம்பில் முள் கட்ட வேண்டும். குண்டு நரம்பில் தாராளமாக ஓடுவதால், மீன் இரையை இழுக்கும்போது ஈயத்தின் கனம் அதன் வாயில் தெரியாது.

இரண்டாவது முள்ளைத் திருத்துதல். முள்ளின் பின்னோக்கிய கூரைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்க வேண்டும். நரம்பு தளராதவரை மீன் போகாது. கழற்றும்போது வாய் கிழியாது.

மூன்றாவது ரீலை இறுக்குதல். இந்த நரம்பு ஏறக்குறைய 5 கிலோ தாங்கும். நரம்பு நுனியைத் தொங்கு தராசில் மாட்டி இழுத்து, ஒன்றரைக் கிலோவில் ரீல் நெகிழும்படி திருகை வைக்க வேண்டும். மீன் பாய்ந்தால் நரம்பு அறுவதற்கு முன் ரீல் விட்டுக்கொடுக்கும்.

நான்காவது நேரம். சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் நீர் நகரும் இடைநேரமே உகந்தது.

ஐந்தாவது வீச்சும் காத்திருப்பும். உரித்த இறால் துண்டைக் கோத்து வீசி, குண்டு தரை தொட்டதும் நரம்பின் தொய்வை எடுத்து, நிமிடத்துக்கு ஒரு மீட்டர் அளவில் மெல்ல இழுத்துவர வேண்டும். நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கினால் கடி இரண்டு தட்டலாகத் தெரியும். மூன்று எண்ணிக் கோலை உயர்த்த வேண்டும்.

ஆறாவது கரையேற்றமும் முடிவும். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான மேற்பூச்சை உரித்துவிடும். அளந்து, அளவு போதாவிட்டால், நீருக்குள் தலை ஓட்டத்தை எதிர்நோக்கும்படி பிடித்திருந்தால் அது தானாகப் பிடியிலிருந்து விலகி நீந்திப் போகும். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வாயருகே அறுத்துவிட வேண்டும்.

தீர்ப்பு

இரண்டு வரிசைகளையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு ஒரே ஓர் இடத்தில் நிற்கிறது. ஈட்டியில் அளத்தல் ஐந்தாம் படி, குத்துக்கு முன்னால். தூண்டிலில் அது கடைசிப் படி, மீன் கைக்கு வந்த பின்னால். தூண்டில் தவறைத் திருத்த இடம் தருகிறது; ஈட்டி தருவதில்லை. ஆனால் எந்த மீன் என்று தெரியாமலே முள்ளை விழுங்கவைக்கும் ஆபத்து ஈட்டியில் இல்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டைக் கண்டது. முட்டையிட மீன்கள் கடலுக்குத் திரளும் நவம்பரில், 2009 முதல் டெக்சாஸ் ஈட்டியை முற்றாகத் தடுத்து, தூண்டிலுக்கு நாளுக்கு இரண்டு மீன் அனுமதித்தது. அதுவும் போதாமல் 2021 முதல் நவம்பர் 1 தொடங்கி டிசம்பர் 14 வரை இரண்டையுமே நிறுத்தியது.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு உண்டு. கரையில் தூண்டிலோடு நிற்பவருக்கு அந்தத் தடை இல்லை. முட்டுக்காட்டுக்குப் போகும் நண்பர்களே, சட்டம் தடுக்காவிட்டாலும் அந்த 61 நாளும் முட்டை நிறைந்த மீனையும் சிறு மீனையும் திரும்ப விடுங்கள். பையில் ஓர் அளவுகோலும் குறடும் எப்போதும் இருக்கட்டும்.