குற்றவாளி கம்பியில் இல்லை

அடிக்கடி அறுந்துபோகும் வை-ஃபை இணைப்புக்கு அதிக வேகத் திட்டம் மருந்தல்ல. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம்.

வேலைக்கான நேர்காணல் வீடியோவில் நடந்துகொண்டிருக்கிறது. முக்கியமான கேள்விக்குப் பதில் சொல்லும் நேரத்தில் லேப்டாப் திரையில் முகம் உறைகிறது. குரல் துண்டு துண்டாகிறது. பிறகு இணைப்பே போய்விடுகிறது. மும்பை அந்தேரியிலோ, தில்லி துவாரகாவிலோ, பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலோ அடுக்குமாடி வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன அவஸ்தை. 2020ல் கொரோனா ஊரடங்கு அலுவலகத்தையும் வகுப்பறையையும் வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு இது வெறும் எரிச்சல் அல்ல. சம்பளமும் பரீட்சையும் இதில் தொங்குகின்றன.

பெரும்பாலோர் உடனே செய்வது, இணைப்பு தரும் நிறுவனத்துக்கு போன் போட்டு 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக்கிக்கொள்வதுதான். கட்டணம் கூடுகிறது. தொல்லை குறைவதில்லை. வீடியோ உரையாடல் ஒன்றுக்கு நொடிக்கு 4 மெகாபிட் கிடைத்தாலே தாராளம். வேகம் வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது. லேப்டாப்புக்குத்தான் வந்து சேர்வதில்லை.

அந்தப் பயணத்தில் மூன்று கட்டங்கள்: ரௌட்டர் வரை வரும் கேபிள், ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையே உள்ள காற்று, லேப்டாப்புக்குள் இருக்கும் வை-ஃபை கார்டு. எந்தக் கட்டத்தில் கோளாறு என்று அறிய எளிய சோதனை உண்டு. லேப்டாப்பை ஒரு லேன் வயர் மூலம் நேராக ரௌட்டரில் இணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் இணைப்பு அறுந்தால் பிரச்சினை கேபிளிலோ ரௌட்டரிலோ இருக்கிறது, நிறுவனத்தைக் கூப்பிடலாம். வயரில் ஒழுங்காக வேலை செய்தால், வயரை எடுத்துவிட்டு, லேப்டாப் இருந்த அதே இடத்தில் செல்போனை வைத்துப் பார்க்க வேண்டும். போனும் திணறினால் குற்றவாளி காற்று. போன் நன்றாக ஓடினால் லேப்டாப்.

காற்றில் என்ன கோளாறு? நெரிசல். வை-ஃபை பிறந்து வளர்ந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் அதே இடம். இதை உரிமம் இல்லாத தகவல் தொடர்புக்கு அமெரிக்கா 1985ல் திறந்துவிட்டது. இந்தியா 2005 ஜனவரியில் உரிமத்தை நீக்கியது. இலவச இடம் என்றால் எல்லோரும்தானே குடியேறுவார்கள்? ரௌட்டர்கள், ப்ளூடூத் கருவிகள், கம்பியில்லா மவுஸ் எல்லாம் இங்கேதான். பெயருக்கு 13 சானல்கள் இருந்தாலும் அடுத்தடுத்தவை ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. உரசாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரு மாடிக்கு நாலு வீடு, வீட்டுக்கு ஒரு ரௌட்டர் என்றால் மூன்று சானல் எம்மாத்திரம்? ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும், அவை அடுத்த வீட்டுக் கருவிகளாக இருந்தாலும். திரையில் தெரியும் கோடுகள் சிக்னலின் பலத்தைத்தான் காட்டும், நெரிசலை அல்ல.

மாற்று, 5 கிகாஹெர்ட்ஸ். இங்கே இடம் அதிகம். 2018ல் மத்திய அரசு அதை இன்னும் விரிவாகத் திறந்துவிட்டது. பலவீனம், சுவர். ரேடியோ அலை சுவரைக் கடக்கும் என்பதை 1890களிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் காட்டினார். ஆனால் ஒவ்வொரு சுவரும் வரி வசூலிக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸிடம் கூடுதலாக. கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி எல்லாம் அலைக்கு எதிரிகள். கேபிள்காரர் துளை போட்ட வாசல் மூலையில், செருப்பு அலமாரி மீதோ டிவிக்குப் பின்னாலோ ரௌட்டரை வைத்துவிட்டுக் கடைசி அறையில் வேலை பார்த்தால் பலன் கிடைக்காது. வீட்டின் நடுவில், உயரத்தில் வைக்க வேண்டும். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டால் லேப்டாப் நெரிசல் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்காது.

லேப்டாப்தான் குற்றவாளி என்றால் முதல் சந்தேகம் பேட்டரிச் சிக்கனத்தின் மீது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வை-ஃபை கார்டை அவ்வப்போது தூங்கவைக்கும் வசதி விண்டோஸில் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டுக்கான பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய் டிக்கை எடுத்துவிடலாம். அடுத்தது டிரைவர்: தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதைப் போட வேண்டும். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012ல் விளக்கியிருக்கிறது. அதைக் கழற்றிப் பார்ப்பதில் செலவில்லை. பல லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கிறது. அதன் வயர் கீல் வழியாக வருகிறது. திரையைச் சாய்க்கும்போது இணைப்பு போய் வந்தால் ரிப்பேர் கடைக்குத்தான் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாரம், இணைப்பு அறும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வைப்பது நல்லது. தினமும் இரவு 8 மணிக்கு மேல் என்றால் நெரிசல். படுக்கையறையில் மட்டும் என்றால் சுவர். பேட்டரியில் ஓடும்போது மட்டும் என்றால் சிக்கன ஏற்பாடு. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் என்றால், ரௌட்டரோ கேபிளோ. அந்தக் குறிப்பு கையில் இருந்தால், ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற ஒரே பதிலோடு யாரும் போனை வைத்துவிட முடியாது.