மேகத்துக்குள் 178 விநாடிகள்

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டிப் பழகாத 20 பேரைச் சிறு விமானத்தில் ஏற்றி, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் 20 பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமல் திணறினார்கள். கட்டுப்பாட்டை இழக்க ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகள்.

எஞ்சினில் கோளாறு இல்லை. கோளாறு காதில். உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. உடல் திரும்பும்போது அது சற்றுப் பின்தங்கும். அதை வைத்தே மூளை திருப்பத்தை உணர்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சில விநாடிகளில் திரவமும் குழாயோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். அப்போது திரும்பும் உணர்வே அற்றுவிடும். சாய்ந்து வட்டமடிக்கும் விமானத்தில் இருப்பவர், நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்வார். இதற்குள் விமானத்தின் மூக்கு தாழ்ந்து, வேகம் கூடி, உயரம் குறையும். உயரம் குறைவதைப் பார்த்துப் பதறி அவர் மூக்கைத் தூக்க முயல்வார். சாய்வைச் சரிசெய்யாமல் தூக்கினால் வட்டம் இன்னும் இறுகும். முதலில் இறக்கைகளைச் சமன் செய்ய வேண்டும், பிறகுதான் மூக்கு. எளிய பாடம்தான், ஆனால் உடல் முழுவதும் எதிராகச் சொல்லும்போது விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியை நம்புவது பழகினால்தான் வரும்.

1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க அதிபராக இருந்த ஜான் எஃப். கென்னடியின் மகன் ஓட்டிய பைப்பர் சரட்டோகா விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அவரோடு மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தார்கள். கடலுக்கு மேல் இருட்டு, புகைமூட்டம் போன்ற மங்கல். அவர் 300 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். கருவிவழிப் பறத்தலுக்கான தகுதியை மட்டும் இன்னும் பெற்றிருக்கவில்லை. திசைமயக்கத்தால் கட்டுப்பாட்டை இழந்தார் என்றே விசாரணை முடிவு கூறியது. எத்தனை மணி நேரம் பறந்தார் என்பதைவிட எதற்குப் பயிற்சி பெற்றார் என்பதே முக்கியம்.

இல்லினாய் ஆய்வாளர்கள் தோல்வியோடு நிறுத்தவில்லை. மேகத்துக்குள் சிக்கினால் மெதுவாக அரைவட்டம் திரும்பி வந்த வழியே வெளியேறும் முறையை அதே ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய எல்லா முயற்சிகளும் வெற்றி பெற்றன. இன்று அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்கே 3 மணி நேரக் கருவிப் பயிற்சி கட்டாயம். அது தப்பித்து வெளியே வருவதற்கு மட்டும். கருவிவழித் தகுதிக்கு 40 மணி நேரம் வேண்டும். சிறு விமானம் ஓட்டக் கற்பவர்கள் அந்த 40 மணி நேரத்தையும் செலவிட்டே ஆக வேண்டும் என்பேன்.