அரபிக்கடல் அருகில் இருந்தும் கோதாவரி கிழக்கே ஓடுவது ஏன்? நதிகளின் திசையைத் தீர்மானிப்பது எது?

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில் உள்ள திரியம்பகேஸ்வரில் கோதாவரி நதி உற்பத்தியாகிறது. அங்கிருந்து அரபிக்கடல் சுமார் 80 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. ஆனால், அந்நதி மேற்கே செல்லாமல் சுமார் 1,465 கி.மீ. பயணித்து, ஆந்திரத்தில் வங்காள விரிகுடாவில் கலக்கிறது. மகாபலேஷ்வரில் தோன்றும் கிருஷ்ணா, குடகில் தோன்றும் காவிரி ஆகியவையும் கிழக்கு நோக்கியே பாய்கின்றன. நர்மதையும் தபதியுமோ மத்திய இந்தியாவிலிருந்து நேர் எதிராக மேற்கு நோக்கி ஓடுகின்றன.

சரிவே காரணம்

நதிகளுக்கும் திசைகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. புவியீர்ப்பு விசையால் நீர் எப்போதும் தாழ்வான இடத்தை நோக்கியே செல்கிறது. தக்காண பீடபூமி மேற்கில் உயர்ந்தும் கிழக்கில் தாழ்ந்தும் அமைந்துள்ளது. அதன் மேற்கு விளிம்பில் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையே நீரைப் பிரிக்கும் எல்லையாக விளங்குகிறது. மலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை, மாண்டவி, ஷராவதி, பெரியாறு போன்ற குறுகிய, வேகமான நதிகளாக அரபிக்கடலை அடைகிறது. கிழக்குச் சரிவில் பெய்யும் மழையோ பல மாநிலங்களைக் கடந்து செல்கிறது.

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரும், பின்னர் செஷல்ஸ் நிலப்பகுதியும் இந்தியாவிலிருந்து பிரிந்தன. அப்போது நிகழ்ந்த மாற்றங்களால் மேற்கு விளிம்பு உயர்ந்து, பீடபூமி கிழக்கே சாய்ந்தது என்று புவியியலாளர்கள் விளக்குகின்றனர்.

நர்மதை மாறுபடுவது எப்படி?

விந்திய, சாத்பூரா மலைத்தொடர்களுக்கு இடையே நிலம் பிளந்து தாழ்ந்ததால் நீண்ட பள்ளத்தாக்கு உருவானது. மேற்கே சரிந்துள்ள அந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே, மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில் தோன்றும் நர்மதை 1,312 கி.மீ. ஓடி, குஜராத்தில் காம்பத் வளைகுடாவில் கலக்கிறது. சாத்பூராவுக்குத் தெற்கே 724 கி.மீ. ஓடும் தபதியும் இத்தகைய தாழ்நிலத்தின் வழியாகவே சூரத் அருகே கடலை அடைகிறது. அமர்கண்டக் பகுதியிலேயே தோன்றும் சோன் நதியோ சரிவுக்கேற்ப வடக்கே சென்று கங்கையில் இணைகிறது.

இந்தப் பிளவுகள் இன்னும் முழுமையாக அடங்கிவிடவில்லை. 1997 மே 22 அன்று ஜபல்பூரில் உயிர்ச்சேதம் விளைவித்த நிலநடுக்கம் நர்மதைப் பள்ளத்தாக்கில்தான் நிகழ்ந்தது.

டெல்டா யாருக்கு?

கிழக்கே ஓடும் பெருநதிகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்த்து, வளமான டெல்டாக்களை உருவாக்கியுள்ளன. கோதாவரி, கிருஷ்ணா, காவிரி டெல்டாக்களின் நெல் வயல்கள் அவ்வாறு உருவானவையே. நர்மதை, தபதி ஆகியவற்றின் முகத்துவாரங்களில் அத்தகைய பெரிய டெல்டாக்கள் இல்லை. காம்பத் வளைகுடாவின் வலுவான ஓதங்கள் வண்டலைத் தங்கவிடாமல் அடித்துச் செல்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

திசை மாற்றிய மனிதர்கள்

இயற்கை வகுத்த இந்த எல்லையை மனிதர்கள் சில இடங்களில் கடந்துள்ளனர். கேரளத்தில் மேற்கே ஓடும் பெரியாற்றின் நீர், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் தேக்கப்பட்டு, சுரங்கப்பாதை வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பப்படுகிறது. தேனி, மதுரை உள்ளிட்ட மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் அதைச் சார்ந்துள்ளன. மகாராஷ்டிரத்தில் இதற்கு நேர்மாறாக, கிருஷ்ணாவின் துணை நதியான கொய்னாவின் நீர் மின் உற்பத்திக்காக மேற்கே திருப்பப்படுகிறது. மின் உற்பத்திக்குப் பின் அந்த நீர் வசிஷ்டி நதி வழியாக அரபிக்கடலுக்குச் செல்கிறது.

மலையின் ஒரு பக்கம் திருப்பப்படும் நீர் மறுபக்கத்துக்குக் கிடைப்பதில்லை. கிருஷ்ணா படுகையிலிருந்து மேற்கே திருப்பும் நீருக்கு நதிநீர்த் தீர்ப்பாயம் வரம்பு விதித்ததும் இதனால்தான். முல்லைப் பெரியாறு அணையில் எவ்வளவு உயரத்துக்கு நீரைத் தேக்கலாம் என்பது தொடர்பாகத் தமிழகமும் கேரளமும் உச்ச நீதிமன்றத்தில் நீண்ட காலம் வழக்காடின. 2014-இல் அந்த உயரத்தை 142 அடி என நீதிமன்றம் உறுதி செய்தது.