நிலைப்பதிப்பும் முன்பதிப்பும்

நுழையும்முன்

கல்வி உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை, தேர்வு முடிவு என மாணவர் வாழ்வின் முதன்மையான செயல்கள் பலவும் இன்று இணைய உலாவியின் வழியே நடைபெறுகின்றன. ஒரே உலாவி ஒரே காலத்தில் பல பதிப்புகளாக வெளிவருகிறது. அவற்றுள் எதனை எந்தப் பணிக்குத் தேர்வது என்பதையும், அத்தேர்வில் தமிழுக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விதையும் வெளியீடும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. இம்மலைவாழ் மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வரும் தானியம் சாமை. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்கி வருகிறது. இத்தகைய ஆய்வு நிலையங்களில் உருவாகும் புதிய பயிர் இரகம் உடனே உழவரின் கைக்கு வந்துவிடுவதில்லை. முதலில் ஆய்வு நிலைய வயலில் விளைவிக்கப்படுகிறது; பிறகு வெவ்வேறு மண்ணும் மழையும் உள்ள இடங்களில் சோதிக்கப்படுகிறது; அதன்பின் சில உழவர்களின் நிலத்தில் பயிரிட்டுப் பார்க்கப்படுகிறது. இவற்றில் தேறிய பின்னரே ‘வெளியீடு’ நிகழ்கிறது.

சிறிதளவு நிலமே உடைய குடும்பம், சோதனையில் உள்ள விதையைத் தன் நிலம் முழுவதும் விதைத்துவிட முடியாது. விதை பொய்த்தால் ஓராண்டு உணவு பொய்க்கும். அதே வேளையில், மலைநிலத்தில் ஒரு மூலையையேனும் சோதனைக்குத் தர எவரும் முன்வராவிட்டால், அப்புதிய இரகம் மலையின் மண்ணுக்கு ஏற்றதா என்பதை அறியவும் வழியில்லை. உலாவியின் பதிப்புகளைத் தேர்வதிலும் இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே கருத வேண்டியுள்ளது. மென்பொருள் உலகிலும் மக்கள் பயன்பாட்டுக்கு வருதலை ‘வெளியீடு’ என்றே வழங்குகின்றனர்.

படிநிலைகள்

இலக்கணத்தில் பிழையைக் குறிக்கும் ‘வழு’ என்னும் சொல், கணித்தமிழில் மென்பொருளின் குறையைக் குறிக்கவும் பயன்படுகிறது. பல இலட்சம் வரிகள் கொண்ட நிரலில் வழுவே இல்லாமல் எழுதுதல் எவர்க்கும் இயலாது. எனவே, வழுக்களைக் கண்டறிந்து களைவதற்கெனப் படிநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன.

கூகுள் நிறுவனத்தின் குரோம் உலாவி நான்கு நிலைகளில் கிடைக்கிறது. அன்றாடம் எழுதப்படும் நிரலை உடனுக்குடன் தாங்கி வருவது ‘கேனரி’. அதற்கு அடுத்தது உருவாக்குநர்க்கான ‘டெவ்’. ஓரளவு தேறிய பின் வருவது ‘பீட்டா’. இறுதியாகப் பொதுமக்களுக்கு வழங்கப்படுவது நிலைப்பதிப்பு. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் நாள்தோறும் உருவாகும் பதிப்பு ‘நைட்லி’ எனப்படும். அதனையடுத்துப் பீட்டாவும் பிறகு நிலைப்பதிப்பும் வருகின்றன. ஃபயர்ஃபாக்ஸில் ‘நீட்டித்த ஆதரவுப் பதிப்பு’ என்னும் மற்றொரு வகையும் உண்டு. 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்வகையில் புதிய வசதிகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையே சேர்கின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இடையறாது வருகின்றன.

குரோமின் புதிய நிலைப்பதிப்பு முன்னர் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்தது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த இடைவெளி நான்கு வாரங்களாகக் குறைக்கப்பட்டது. நிலைப்பதிப்பும் அனைவரையும் ஒரே நாளில் சென்றடைவதில்லை. முதலில் சிறு பகுதியினருக்கு வழங்கப்பட்டு, குறையேதும் தென்படாவிடில் படிப்படியாக மற்றவர்களைச் சென்று சேர்கிறது.

தெரியுமா?

நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சுவளிகள் பரவுவதை அறிய, தொழிலாளர்கள் கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் உடன் கொண்டு சென்றனர். மனிதரைவிட விரைவில் நச்சுவளியால் தாக்குண்டு பறவை சோர்வதே எச்சரிக்கை ஆயிற்று. பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1986 வரை நீடித்தது. வரப்போகும் இடரை முன்னரே காட்டித் தருவதால் உலாவியின் முதற்படிப் பதிப்பும் அப்பறவையின் பெயரைப் பெற்றது.

நிலையானது பழையது அன்று

‘நிலையான பதிப்பு’ என்பதை ‘மாறாத பதிப்பு’ எனப் பொருள் கொள்வோர் பலர். கணினியில் என்றோ நிறுவிய உலாவியை அப்படியே வைத்திருத்தலே பாதுகாப்பு எனவும் அவர்கள் கருதுகின்றனர். இது பிழையான எண்ணம். ஒரு பாதுகாப்புக் குறை திருத்தப்பட்டதும் அதன் விவரம் காலப்போக்கில் வெளிப்படுகிறது. திருத்தத்தைப் பெறாத உலாவி, பூட்டின் குறை ஊரறிந்த பின்னும் மாற்றப்படாத கதவைப் போன்றது. முன்பதிப்பில் அறியப்படாத வழுக்கள் மிகுதி. இற்றைப்படுத்தாத பழைய பதிப்பிலோ யாவரும் அறிந்த வழுக்கள் மிகுதி. பின்னதே பெரிய இடர்.

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் இலட்சக்கணக்கான மாணவர் இல்லங்களுக்குக் கணினி சென்றது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 7 போன்ற இயங்குதளங்களே இருக்கின்றன. 2023 ஜனவரியில் வெளியான குரோம் 109ஆம் பதிப்புடன் அவ்வியங்குதளத்திற்கான குரோமின் ஆதரவு முடிவுற்றது. அவ்வாண்டு ஜூலையில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115இன் நீட்டித்த ஆதரவுப் பதிப்போ, அதன் பின்னரும் அத்தகைய கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கியது. பழைய கருவியை உடையோர்க்கு இவ்வகைப் பதிப்பு எத்துணை உதவும் என்பதற்கு இது சான்றாகும்.

அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. டெபியனும் நிலையானது, சோதனையிலுள்ளது, நிலையற்றது என மூவகையாகப் பகுக்கப்பட்டுள்ளது. அதன் நிலையான வகையில் ஃபயர்ஃபாக்ஸின் நீட்டித்த ஆதரவுப் பதிப்பே வழங்கப்படுகிறது.

எதனை எங்கே பயன்படுத்துவது?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில், ஒரு குடும்பத்திற்கு ஒரே ஒரு கணினியோ கைப்பேசியோ இருப்பதாகக் கொள்வோம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றே இறுதி நாள். முன்பதிப்பில் உள்ள ஒரு வழுவால் விண்ணப்பப் பக்கத்தின் பொத்தான் இயங்காமல் போகலாம். சான்றிதழைப் பதிவேற்ற முடியாமல் போகலாம். வேறொரு கருவியை நாடி மலைப்பாதையில் நெடுந்தொலைவு செல்வதற்குள் காலம் கடந்துவிடும். எனவே, குடும்பத்தின் ஒரே கருவியிலும், பள்ளியின் கணினி ஆய்வகத்திலும், பலரும் வந்து செல்லும் இ-சேவை மையத்திலும் நிலைப்பதிப்பே இருத்தல் வேண்டும்.

நாள்தோறும் வரும் முன்பதிப்பை இற்றைப்படுத்த மிகுதியான தரவும் செலவாகும். அலைவரிசை நலிந்த மலையூர்களில் இது பெருஞ்சுமை. நிலைப்பதிப்பை நல்ல இணைப்புள்ள இடத்திற்குச் செல்லும்போது தவறாமல் இற்றைப்படுத்திக்கொள்வது நலம்.

முன்பதிப்பைப் பயன்படுத்த விழைவோர் நிலைப்பதிப்பை நீக்க வேண்டியதில்லை. கணினியில் இரண்டையும் அருகருகே நிறுவலாம். ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியான பயனர் கோப்புகளை வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பில் மாற்றப்பட்ட கோப்புகளைப் பழைய பதிப்பு சரியாகப் படிப்பதில்லை. ஆகவே, 2019இல் வெளியான 67ஆம் பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸ் அவ்வாறு பின்னோக்கித் திறத்தலைத் தடுத்து எச்சரிக்கிறது. முன்பதிப்பில் வங்கிக் கடவுச்சொற்களைச் சேமித்தல் கூடாது. முன்பதிப்புகள் தம் இயக்கம் குறித்த தரவுகளைத் தயாரிப்பாளர்க்கு மிகுதியாக அனுப்பும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழுக்காகச் சோதித்தல்

அனைவரும் நிலைப்பதிப்பையே பயன்படுத்தினால் முன்பதிப்பைச் சோதிப்பவர் யார்? இவ்வினாவே தமிழருக்கு முதன்மையானது. ஆங்கிலம் எழுதுவோர் முன்பதிப்பைப் பயன்படுத்தும்போது ஆங்கிலத்தில் தோன்றும் குறைகளைக் காண்கின்றனர். தமிழ் எழுத்தின் குறை அவர்கள் கண்ணுக்குப் புலப்படாது.

‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் இது ககரமும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அக்குறி ஒற்றைக்கொம்பாகவும் காலாகவும் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமைய வேண்டும். எழுத்துகளை இவ்வாறு வடிவமைக்கும் பணியை ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் நிரல்தொகுதி செய்கிறது. இதில் சிறு பிழை நேர்ந்தாலும் கொம்பு தனியே நிற்கும். புள்ளி இடம் மாறும். வரியின் முடிவில் உயிர்மெய்யும் அதன் குறியும் பிரிந்துவிடாமல் இருக்கின்றனவா, அழிப்பு விசையை அழுத்தினால் முறையாக அழிகின்றனவா, ஆங்கிலத்தில் பொருந்திய பொத்தானில் நீண்ட தமிழ்ச்சொல் அடங்குகிறதா ஆகியவற்றைத் தமிழ் படிப்பவரே ஆராய்ந்து சொல்ல இயலும்.

முன்பதிப்பில் கண்டறிந்த வழுவைச் சில வாரங்களில் திருத்திவிடலாம். கண்டறியாவிடில் அவ்வழு நிலைப்பதிப்பிற்குள் நுழைந்து, முன்னர்க் கூறிய மலையூர் மாணவரின் விண்ணப்பப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருவர் காணும் வழுவால் பல உலாவிகள் பயன்பெறுதலும் உண்டு. குரோமின் அடிப்படையான குரோமியம் என்னும் திறமூல நிரலைக் கொண்டே எட்ஜ், ஓபரா முதலிய உலாவிகளும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘உலா’ உலாவியும் இயங்குகின்றன. குரோமியத்தில் திருத்தப்படும் தமிழ் வழு இவை அனைத்திலும் திருத்தம் பெற வழி பிறக்கிறது.

வழுவை அறிவிக்கப் பெரும் கணினியறிவு தேவையில்லை. என்ன செய்தபோது தோன்றியது, எவ்வாறு இருந்திருக்க வேண்டும், எவ்வாறு இருந்தது, பதிப்பின் எண் யாது, இயங்குதளம் யாது என்னும் ஐந்து செய்திகளையும் திரையின் படத்தையும் தெளிவாகத் தந்தால் போதும். மொசில்லா 1998 முதல் நடத்திவரும் ‘பக்சில்லா’ என்னும் பதிவகத்தில் எவரும் கணக்குத் தொடங்கி இவ்வாறு பதிவு செய்யலாம்.

நிலைப்பதிப்பு, முன்பதிப்பு ஆகிய இரண்டனுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதில்லை. பிழை நேர்ந்தால் அதன் இழப்பைத் தாங்குபவர் யார் என்பதே தேர்வின் அளவுகோல். தாங்க இயலாதவர்க்கு நிலைப்பதிப்பு உரியது. வேறொரு கருவியும் சிறிது நேரமும் உடையவர், தாங்க இயலாதவர்க்காக முன்பதிப்பில் வழுவைத் தேடிக் களைதல் மொழிக்கும் மக்களுக்கும் செய்யும் தொண்டாகும்.