ஃப்ரீசர் ஜில்லுன்னு இருக்கு, கீழ பால் திரியுதா? புது ஃப்ரிட்ஜுக்கு இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஃப்ரீசர்ல ஐஸ் நல்லா கட்டுது. ஆனா கீழ் தட்டுல வெச்ச பால் மறுநாளே திரிஞ்சு போகுது, தோசை மாவு புளிச்சுப் பொங்குது. உடனே வீட்ல எல்லாரும் சொல்றது, "ஃப்ரிட்ஜ் போச்சு, புதுசு வாங்கிடலாம். நோ காஸ்ட் இஎம்ஐ தானே?"

கொஞ்சம் பொறுங்க. டபுள் டோர் ஃப்ரிட்ஜ்ல இந்த அறிகுறி இருந்தா, உள்ள இருக்கற ஒரு சின்ன ஃபேன் மோட்டார் நின்னு போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதை மாத்தற செலவையும் புது ஃப்ரிட்ஜ் விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

இந்த ஃபேன் என்ன வேலை பண்ணுது?

டபுள் டோர், அதாவது ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்ல குளிர் உருவாகற காயில் பெரும்பாலும் ஃப்ரீசரோட பின் சுவருக்குப் பின்னாடிதான் இருக்கும். அந்தக் குளிர்காத்தை ஃப்ரீசருக்குள்ளயும், ஒரு குழாய் வழியா கீழ் அறைக்கும் தள்ளறது இந்த ஃபேன்தான். ஃபேன் நின்னா காயில் பக்கத்துல இருக்கற ஃப்ரீசர் ஓரளவு குளிரும். கீழ் அறைக்குக் குளிர் வந்து சேராது.

முக்கியமான விஷயம்: சாதாரண சிங்கிள் டோர், டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜ்ல இந்த ஃபேனே கிடையாது. அதுக்கு யாராவது "ஃபேன் மோட்டார் மாத்தணும்"னு பில் போட்டா, எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.

செலவில்லாம ஒரு டெஸ்ட்

1. கம்ப்ரசர் ஓடுதான்னு பாருங்க. ஃப்ரிட்ஜ் பின்பக்கம் கீழ காது வெச்சா மெல்லிய ரீங்காரம் கேட்கும்.
2. நிறைய மாடல்கள்ல ஃப்ரீசர் கதவைத் திறந்தா ஃபேன் நின்னுடும். கதவு ஓரத்துல இருக்கற பட்டன் சுவிட்சை விரலால அழுத்திப் பிடிங்க. ஃபேன் சத்தமும் காத்தும் வரணும். பட்டன் இல்லாத மாடல்னா கதவை மூடி வெச்சு சத்தம் கேளுங்க.
3. சத்தம் இல்லையா? ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. ஐஸ் உருக்கற நேரத்துல ஃபேன் தானாவே நிக்கும்.
4. ஃப்ரீசரோட பின் சுவர்ல ஐஸ் கெட்டியா படிஞ்சிருக்கா? அப்போ சந்தேகப்பட வேண்டியது டிஃப்ராஸ்ட் ஹீட்டரையும் சென்சாரையும். ஐஸ்ல மாட்டிக்கிட்டதால ஃபேன் நின்னிருக்கலாம். அந்த நிலைமையில புது மோட்டார் போட்டாலும் சில நாள்ல அதே கதைதான்.

இப்போ கணக்குக்கு வருவோம்

முத்தாண்டிக்குப்பத்துல வாடகைக்கு இருந்துக்கிட்டு, நெய்வேலிக்கு வேலைக்குப் போற ஒருத்தரை எடுத்துக்குவோம். சம்பளம் 22,000. அப்பாவோட இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. புது டபுள் டோர் 26,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மோட்டார் 900, மெக்கானிக் கூலி 500, மொத்தம் 1,400. இது உதாரணக் கணக்கு. மாடலைப் பொறுத்து மாறும், ஆனா வித்தியாசம் எவ்வளவுன்னு புரியுதில்ல?

"நோ காஸ்ட் தானே"ன்னு கேட்டா, வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல சொல்லிடுச்சு. வட்டியை விலைத் தள்ளுபடியா காட்டுவாங்க, இல்ல பிராசசிங் கட்டணத்துல சேர்ப்பாங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி தனியா வரும்.

அதுக்காக ரிப்பேரைத் தள்ளிப் போடாதீங்க, அதுவும் செலவுதான். கீழ் அறை குளிராததால நிறைய மாடல்கள்ல கம்ப்ரசர் கட் ஆகாமலே ஓடும். 120 வாட் கம்ப்ரசர் 24 மணி நேரமும் ஓடினா ஒரு நாளைக்கு 2.88 யூனிட். பாதி நேரம் ஓடினா 1.44 தான். ரெண்டு மாசத்துக்கு வித்தியாசம் சுமார் 86 யூனிட். அரசு தர்ற இலவச 100 யூனிட்ல பெரும்பகுதி இதுலயே போயிடும். பக்கத்துலயே நெய்வேலியில கரண்ட் தயாராகுதுங்கறதுக்காக நம்ம வீட்டு மீட்டர் மெதுவா ஓடாது!

இன்சுலின் விஷயத்துல ஒரு நாள் கூட தாமதம் வேண்டாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும். கீழ குளிரலைன்னு ஃப்ரீசர்ல மட்டும் வெச்சுடாதீங்க, உறைஞ்சா அது கெட்டுப் போயிடும். ரிப்பேர் முடியற வரைக்கும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கொடுங்க. ஏற்கனவே சூடாகிடுச்சோன்னு சந்தேகம்னா டாக்டரையோ மருந்துக்கடைக்காரரையோ கேட்காம போடாதீங்க.

மாத்தும்போது கவனிக்க வேண்டியது

முதல்ல வாரண்டி கார்டைப் பாருங்க. "10 வருஷ வாரண்டி"ன்னு பெருசா போட்டிருக்கறது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான். வாரண்டி இருந்தா நீங்க பிரிக்கவே பிரிக்காதீங்க.

வாரண்டி முடிஞ்சிருந்தா, பழைய மோட்டார் மேல இருக்கற ஸ்டிக்கரை போட்டோ எடுங்க. வோல்டேஜ், வாட், சுத்தற திசை, ஷாஃப்ட் நீளம் எல்லாம் பொருந்தணும். பழைய மாடல்கள்ல 230 வோல்ட் ஏசி மோட்டார், இன்வெர்ட்டர் மாடல்கள்ல பெரும்பாலும் 12 வோல்ட் டிசி மோட்டார். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு சேராது. டிசி மோட்டார்னா போர்டுல இருந்து வோல்டேஜ் வருதான்னு மெக்கானிக்கை மல்டிமீட்டர்ல பார்க்கச் சொல்லுங்க. வரலைன்னா கோளாறு மோட்டார்ல இல்ல.

பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் முழுசா உருகின பிறகுதான் பின் பேனலைக் கழட்டணும். கத்தியால ஐஸைக் குத்தாதீங்க. காயில் ஓட்டையானா 1,400 ரூபாய் வேலை பல ஆயிரத்துக்குப் போயிடும். புது ஃப்ரிட்ஜ்கள் நிறையதுல ஆர்600ஏங்கற தீப்பிடிக்கற கேஸ் இருக்கு. கனெக்டரைக் கழட்டி மாட்டற அளவுல வேலை முடிஞ்சா சரி, ஒயரை வெட்டி ஒட்டணும்னா மெக்கானிக்கை விடுங்க. வேலை முடிஞ்சதும் பழைய மோட்டாரையும் பில்லையும் கேட்டு வாங்குங்க.

எப்போ புதுசு வாங்கலாம்?

ஃப்ரிட்ஜுக்கு 10 வயசுக்கு மேல ஆகி, ரிப்பேர் செலவு புது விலையில பாதியைத் தாண்டினா வாங்கறது நியாயம். கம்ப்ரசர் போயிடுச்சு, கேஸ் திரும்பத் திரும்ப லீக் ஆகுதுன்னாலும் யோசிக்கலாம். ஃபேன் மோட்டார் மட்டும்னா அந்தப் பேச்சுக்கே இடமில்ல.

கடைசியா ஒண்ணு. மாசம் 300 ரூபாய், "வீட்டுச் சாமான் ரிப்பேர்"னு ஒரு தனி ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு 3,600 ரூபாய் சேரும். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மோட்டார்னு எது நின்னாலும் அந்தப் பணம் இருந்தா பதட்டத்துல கடைக்கு ஓடி இஎம்ஐ பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டீங்க.